கேரித் தீவிலிருந்து கான்வென்ட்டுக்கு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், தெலுக் பங்லிமா காராங் பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் லங்காட் ஆற்றின்மேல் ஒரு பாலம் வரும். அதைக் கடந்துவிட்டீர்களானால் கேரித் தீவுக்கு வந்துவிட்டீர்கள். தீவு என்றதும் வெண்மணலையும் தென்னஞ்சோலையையும் எதிர்பார்த்து வந்துவிடாதீர்கள், வாசகர்களே! கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனைதான். தாழ்ந்த நிலமாதலால், கடல் உள்ளே வந்துவிடாதபடி மண்கரை எழுப்பி, மதகு வைத்துக் காத்துவருகிறார்கள்.

வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயர்தான் தீவுக்கு நிலைத்துவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கோல்டன் ஹோப் என்றிருந்த தோட்டம் 2007-இல் சைம் டார்பியோடு சேர்ந்தது. 2024-இல் சைம் டார்பி பிளான்டேஷன் நிறுவனமே எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர்ப்பலகைக்காரருக்கு நல்ல வருமானம்! தோட்டத்துக்கெல்லாம் முந்தியே இங்கே வாழ்ந்துவந்த மா மெரி மக்களைச் சுங்கை பும்புன் கம்பத்தில் பார்க்கலாம். அவர்கள் மரத்தில் செதுக்கும் முகமூடிகளை ஒருமுறை பார்த்துவிட்டால் லேசில் மறக்க முடியாது.

நான் சொல்ல வந்தது இந்தத் தீவிலிருந்து கிள்ளானுக்குப் படிக்கப் போகும் பெண்பிள்ளைகளைப் பற்றி. என் அக்காள் மகள் அவர்களில் ஒருத்தி. ஐந்தாம் படிவம், இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள். இருள் பிரியுமுன் வேன் வந்துவிடும். பெரட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் வாசல் விளக்கைப் போடுகிற ஊர் இது.

அவள் படிப்பது பழைய கான்வென்ட் ஒன்றில். பெயரில்தான் கான்வென்ட், பாடம் சொல்லித்தரக் கன்னியர் இல்லை. கல்வி அமைச்சு அனுப்பும் ஆசிரியர்கள்தாம். பிரான்சு நாட்டில் ரூவான் நகரில் நிக்கோலா பாரே என்ற துறவி 1666-இல் தொடங்கிவைத்த சபையின் சகோதரிகள், 1852-இல் பினாங்கில் வந்திறங்கினார்கள். 1899-இல் கோலாலம்பூர் புக்கிட் நானாசில் பள்ளி வைத்தார்கள். பெண்ணைப் படிக்கவைப்பதா என்று வீட்டுக்கு வீடு யோசித்த காலம் அது. இன்றும் இத்தகைய மிஷன் பள்ளிகள் பலவற்றில் நிலம் சபைக்குச் சொந்தம், நிர்வாகம் அரசாங்கத்தின் உதவியில். புக்கிட் நானாஸ் கான்வென்ட்டின் நிலக் குத்தகை 2021-இல் முடிந்தபோது, அதை நீட்டிக்க மறுக்கிறார்கள் என்று சபை நீதிமன்றம்வரை போனது. முன்னாள் மாணவிகள் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. கடைசியில் நீட்டிப்புக் கிடைத்தது. கன்னியர் போனாலும் கட்டடம் பெண்களிடம் இருக்கட்டும் என்று நினைப்பவன் நான்.

சரி, நம் பெண்ணின் கதைக்கு வருவோம். பரீட்சைப் பயம் போகும் என்று யாரோ சொல்ல, விடுமுறையில் ஒரு யோகாசன வகுப்பில் சேர்ந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து நெற்றியை முழங்காலில் வைக்கும் பச்சிமோத்தாசனம் இருக்கிறதே, அதை ஒரே வாரத்தில் செய்துவிட வேண்டும் என்று வைராக்கியம்! முதல் இரண்டு நாள் உடம்பெல்லாம் வலி. அது இயல்பு. பழகாத வேலை செய்த தசையில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், தானே அடங்கும். தசையில் அமிலம் தேங்குவதால் வரும் வலி என்பது பழைய நம்பிக்கை. அந்த அமிலம் ஓரிரண்டு மணி நேரத்தில் கழிந்துவிடும்.

அவளுக்கோ மற்ற வலியெல்லாம் போய் ஒரு வலி மட்டும் நின்றுவிட்டது. உட்காரும்போது பலகையில் அழுந்தும் எலும்பு இருக்கிறதல்லவா, சரியாக அங்கே. தொடையின் பின்புறத் தசைகள் நாண்போல் போய்ப் பற்றிக்கொள்ளும் இடம் அது. வேனில் உட்கார்ந்தால் வலி, வகுப்பில் உட்கார்ந்தால் வலி, வீட்டில் புத்தகத்தை எடுத்தால் வலி. வலிக்கிற இடத்தை இன்னும் இழுத்துவிட்டால் சரியாகும் என்று அவள் மேலும் மேலும் குனிந்ததுதான் வினையாயிற்று. நாண் வலிக்கு இழுப்பு ஆகாது. குனியும் ஆசனங்களை நிறுத்தி, அரைமணிக்கொருமுறை எழுந்து நின்று, மருத்துவர் சொன்ன பயிற்சிகளால் தசைக்குச் சிறுகச் சிறுகப் பலமேற்ற வேண்டும். மாதக்கணக்காகும். (கடும் பயிற்சிக்குப்பின் தசை வீங்கிச் சிறுநீர் கறுத்துப்போனால் மட்டும் ஒரு நாளும் காத்திராதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.)

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவள் பாட்டி, முப்பது வருஷம் உதிரிப்பழம் பொறுக்கியவர், இடுப்பில் கையை ஊன்றியபடி சொன்னார்: "காசு கொடுத்தா குனிஞ்சே? என்கூட ஒருநாள் வந்திருந்தா சும்மாவே குனிஞ்சிருக்கலாமே, ஆயி!" எல்லோரும் சிரித்தோம். பாட்டி நிமிர்வதற்குச் சற்று நேரம் ஆயிற்று.

யோகத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்கும் நம் தோட்டங்களுக்கும் உறவு உண்டு. பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் 1913-இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் அருகே தோட்ட ஆஸ்பத்திரியிலும் பிறகு ஜொகூரிலுமாகப் பத்தாண்டுகள் வைத்தியம் பார்த்தார். 1923-இல் திரும்பிப்போய் ரிஷிகேசத்தில் துறவியானார். அவர்தான் சுவாமி சிவானந்தர். ஆசனங்களை உலகமெங்கும் கொண்டுபோன பரம்பரைக்கு மூலவர், நம் பாட்டன் பூட்டன்மாரின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர்! ஆசிரியர் பக்கத்திலிருந்து, உடம்பு விட்ட அளவுக்குச் செய்வதுதான் ஆசனம். விடுமுறைக்குள் முடிக்கிற பாடம் அல்ல.

இப்போது நம் பெண் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை உயர்த்தி வைத்து, நின்றுகொண்டே படிக்கிறாள். பாட்டி எதிரே உட்கார்ந்து தூங்கிவிழுவார். விளக்கை அணைத்தால் மட்டும் விழித்துக்கொள்வார். பரீட்சை மண்டபத்துக்கு மடித்த துண்டு ஒன்று கொண்டுபோகலாமா என்று முன்கூட்டியே கேட்டுவைத்திருக்கிறாள். வரலாற்றுத் தாளுக்கு நெடுநேரம் உட்கார வேண்டுமாம்.