கடைமடைத் தண்ணீரும் கெமிஸ்ட்ரி லேபும்

நான் படித்த காலத்திலிருந்தே பி.எஸ்சி. வேதியியல் லேபில் விடை ஆசிரியருக்குத் தெரியும். சீனியரின் ரெக்கார்டு நோட்டிலும் இருக்கும். பிள்ளைகள் கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

டெல்டாவில் கேள்விக்கா பஞ்சம்? கடைமடையில், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிறது. அதை மாணவியே பாட்டிலில் பிடித்து வரட்டும். பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டை இறக்கினால், மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் குளோரைடு கணக்கு கிடைத்துவிடும். 1856-இல் வேதியியலாளர் மோர் சொன்ன முறைதான். எந்தக் கிணறு, மழைக்கு முன்பா பின்பா, எத்தனை மாதிரி என்பதெல்லாம் அவள் முடிவு. அளவு கூடினால் காரணம் கடலா, இறால் குட்டையா என்று தோழிகளோடு வாதாடட்டும்.

புதுக் கருவி எதுவும் வேண்டாம். செய்முறைத் தேர்வில் இந்த முடிவுகளுக்கும் மதிப்பெண் வைக்கச் சொல்லித்தான் பாடத்திட்டக் குழுக்களிடம் கேட்கிறேன்.