அப்பாவின் கடைசிக் கடுதாசி

அப்பா தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா, அக்கா, நான் மூவரும் வத்தலக்குண்டில். மாதம் ஒருமுறைதான் மலையிலிருந்து இறங்கி வருவார். மற்றபடி எல்லாம் இன்லாண்டு கடுதாசிதான். பால் கணக்கு, அக்காவின் பரீட்சை, எனக்குக் கொஞ்சம் திட்டு, கொல்லை முருங்கையை எப்போது கழிக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். அம்மா ஒன்றைக்கூட எறியவில்லை. 1964 முதல் 1979 வரை 312 கடுதாசிகள்.

பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் கறையான் ஏறிவிட்டது தெரிந்ததும், ஒவ்வொன்றாகப் பிரித்து செல்போனில் படம் எடுத்தேன். உள்பக்கம் ஒரு படம், கடைசியில் மடித்து ஒட்டும் காதில் எழுதியிருப்பது தனியாக ஒரு படம். கம்ப்யூட்டரில் இடம் இல்லாததால் கறுப்பு வெள்ளையாக்கி, அளவையும் குறைத்துக்கொண்டேன்.

இவற்றைத் தேதி வரிசையில் பெயரிட்டு ஒரே ஜிப் கோப்பாகக் கட்ட வேண்டும். மவுஸை வலப்பக்கம் அழுத்தினால் முடிகிற வேலை. ஆனால் உத்தியோக காலத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தபோது பிடித்த பைத்தியம் விடுமா? ஜாவாவில் நானே நிரல் எழுதினேன். ஓடியது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. பெரிய ஜிப் கோப்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் தனிப் படங்களை எல்லாம் அழித்தேன். அந்த ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் தண்ணீர் இறங்கி, கடுதாசிகள் கூழாகிவிட்டன. போனால் போகிறது, படம் இருக்கிறதே என்றிருந்தேன்.

மார்கழியில் அக்கா போன் செய்தாள். "நாளைக்கு அப்பா திதிடா. அந்தக் கடைசிக் கடுதாசியப் படிச்சுக் காட்டு, கேக்கணும் போல இருக்கு."

போனைக் காதில் வைத்துக்கொண்டே கோப்பைத் தட்டினேன். 'கோப்பு பழுதானது, திறக்க இயலாது' என்று வந்தது. "கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன்க்கா, ராத்திரி படிக்கிறேன்" என்று பொய் சொல்லி வைத்தேன். எழுபது வயதில் அக்காவிடம் பொய்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நம் ஊர் மண்டியில் லாரிக்குத் தக்காளி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு இருக்கும். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, மொத்தப் பட்டியலை எழுதி டிரைவர் கையில் கொடுப்பார்கள். ஜிப்பும் அப்படித்தான். பில் காட்ஸ் என்ற அமெரிக்கர் 1989-இல் கொண்டுவந்தது. இன்றைக்கும் எந்த ஜிப் கோப்பின் முதல் இரண்டு எழுத்தும் அவருடைய 'பி', 'கே'தான். பாவம், 2000-இல் 37 வயதிலேயே போய்விட்டார். நீங்கள் படிக்கிற ஈபப் மின்னூலும், வேர்டு டாக்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஜிப்தான்.

ஜாவாவில் இதற்கு 'ஜிப் அவுட்புட் ஸ்ட்ரீம்' என்று ஒன்று உண்டு. ஸ்ட்ரீம் என்றால் வாய்க்கால். தண்ணீர் முன்னால்தான் போகும், திரும்பி வராது. ஒரு படத்தைச் சுருக்கி முடித்தால்தான் அதன் அளவு தெரியும். ஆனால் அதற்குள் தலைச்சீட்டு வாய்க்காலில் போயிருக்கும், பின்னால் போய்த் திருத்த முடியாது. ஆகவே அளவைப் படத்தின் வாலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும். 'இனி ஒன்றும் இல்லை, மூடு' என்று நாம் சொன்ன பிறகுதான் மொத்தப் பட்டியலைக் கோப்பின் கடைசியில் எழுதும். அந்த 'குளோஸ்' வரியைத்தான் நான் எழுதவில்லை. திறக்கிற மென்பொருள் முதலில் தேடுவது கடைசியில் உள்ள பட்டியலை. அது இல்லையென்றால் லாரி நிறையத் தக்காளி இருந்தும் செல்லாது.

ஜாவா 7 வந்ததிலிருந்து, தானாக மூடிக்கொள்ளும்படி எழுத ஒரு முறை இருக்கிறது. அது 2011-இல் வந்தது. நான் அதற்கு முந்தின காலத்து ஆள்.

ராத்திரி பதினொரு மணிக்கு ஒன்று உறைத்தது. பட்டியல்தானே இல்லை, பெட்டிச் சீட்டுகள் இருக்கின்றனவே! பட்டியலைத் தேடாமல், முன்னாலிருந்து சீட்டுச் சீட்டாகப் படித்துக்கொண்டு போகும் 'ஜிப் இன்புட் ஸ்ட்ரீம்' என்பதும் அதே ஜாவாவில் உண்டு. பத்துப் பன்னிரண்டு வரியில் இன்னொரு நிரல். 1964 தை, மாசி, பங்குனி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தபோது எனக்குக் கை நடுங்கியது. இடையில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசிப் படத்தில் நிரல் நின்றுவிட்டது. எழுதுகிற வேகத்துக்காக நடுவில் ஒரு இடைத்தொட்டி வைத்திருந்தேன், 8192 பைட் கொள்ளும். அது நிரம்பினால்தான் வட்டுக்குப் போகும், இல்லையென்றால் மூடும்போது போகும். மூடாததால் தொட்டியில் மிச்சமிருந்தது அப்படியே போய்விட்டது. பெரிய படமாக இருந்திருந்தால் ஓரத்தில் ஒரு நூலிழைதான் போயிருக்கும். நான்தான் சுருக்கி வைத்திருந்தேனே.

தேதி வரிசை என்பதால் கடைசிப் படம் கடைசிக் கடுதாசியின் காதுப் பகுதி. ஐந்து வரி. நான்கு தெரிகிறது. ஐந்தாவது இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பட்டை.

மறுநாள் திதி முடிந்ததும் அக்காவுக்குப் போன் செய்து படித்தேன். நாலாவது வரியோடு நிறுத்தி, நடந்ததை எல்லாம் சொன்னேன், கண்ணாடிப் பொய் உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுல என்ன இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றாள்.

"இல்லக்கா. படம் எடுக்கிற அவசரத்துல ஒண்ணையுமே படிக்கல."

"எனக்குப் பணம் அனுப்புறதாத்தான் எழுதியிருந்தாரு. தை பிறந்ததும்னு. இல்ல, பொங்கலுக்கு வர்றேன்னா…" யோசித்தாள். "ரெண்டுல ஒண்ணுடா. நல்லா நெனச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. மற்ற 311 கடுதாசிகளையும் பிரிண்ட் போட்டு அவளுக்கு அனுப்பிவிட்டேன். மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நாளைக்கு இரண்டு படிக்கிறாளாம்.