இரண்டாம் இருக்கை

நுழையும்முன்

கோப்பையை உயர்த்திப் பிடிக்கும் கைகளை உலகம் அறியும். அக்கைகளுக்கு நாள்தோறும் பந்தை எடுத்துக் கொடுத்த கைகளை அவ்வளவாக அறியாது. கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணியொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துணைப் பயிற்றுநராக இருக்கும் ஒருவர், தம் பணியின் இயல்பையும் அப்பணியில் தாம் செய்த பிழையொன்றையும் இக்கட்டுரையில் நினைவுகூர்கிறார்.

பலகையில் என் இடம்

ஆடுகளத்தின் ஓரத்தில் அணியினர் அமர்வதற்கு நீண்ட பலகை ஒன்று இடப்பட்டிருக்கும். அதில் முதலிடம் முதன்மைப் பயிற்றுநருக்கு உரியது; அடுத்த இடம் என்னுடையது. ஆட்டம் நடக்கும்போது எங்கள் இருவருள் ஒரு நேரத்தில் ஒருவர்தாம் நிற்கலாம் என்பது விதி. அவர் நின்றால் நான் அமர்ந்திருக்க வேண்டும். என் பணிவாழ்வு முழுவதையும் இந்த ஒரு விதிக்குள் அடக்கிவிடலாம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

2003ஆம் ஆண்டு, நான் படித்த கல்லூரியிலேயே தொகுப்பூதியத்தில் இப்பணியில் சேர்ந்தேன். மூன்றாண்டுகள் அக்கல்லூரி அணிக்காக ஆடியவள் என்பதால் மாணவியர் என்னை ‘அக்கா’ என்றே அழைத்தனர். முதன்மைப் பயிற்றுநர் அவர்களுக்கு ‘மேடம்’. இவ்விரு விளிகளுக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மேடத்திடம் சொல்லத் தயங்குவதை அக்காவிடம் சொல்வார்கள். இதனை என் பணியின் பெருமையாகவே நான் கருதி வந்தேன். அஃது ஒரு பொறுப்பும் ஆகும் என்பதைப் பின்னர்க் கற்றேன்; அதற்கான விலையை வேறொருத்தி கொடுத்தாள்.

கணக்கும் கவனிப்பும்

துணைப் பயிற்றுநரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஐந்தரை மணிக்கு அறையைத் திறந்து பந்துகளை எடுத்துக் காற்றைச் சோதிக்க வேண்டும். மகளிர் ஆடுவது ஆறாம் எண் பந்து. ஆடவர் ஆடும் ஏழாம் எண் பந்தைவிடச் சற்றுச் சிறியது. இரண்டும் கலந்துவிட்டால் அன்றைய எறிதல் பயிற்சி வீண். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய களத்தில் ஈரம் இருக்கிறதா, மணல் படிந்திருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். வழுக்கும் ஓர் இடம் ஒரு மாணவியின் ஓராண்டைப் பறித்துவிடும்.

போட்டி நாளில் என் மடியில் ஒரு குறிப்பேடு இருக்கும். ஒரு வீராங்கனை ஐந்து தவறுகள் செய்தால் வெளியேற வேண்டும். பத்து நிமிடக் கால்பகுதி ஒன்றில் அணி முழுவதுமாக நான்கு தவறுகள் செய்துவிட்டால், அடுத்த தவறு முதல் எதிரணிக்குத் தடையற்ற எறிதல்கள் கிடைக்கும். யாருக்கு எத்தனை தவறுகள், எத்தனை ‘டைம் அவுட்’ மீதமிருக்கின்றன, எதிரணியின் எந்தப் பெண் இடப்பக்கமாகத் திரும்பத் தயங்குகிறாள் என்பனவற்றையெல்லாம் நான் குறித்துவைப்பேன். மேடத்தின் கண்கள் பந்தைத் தொடரும். என் கண்கள் பந்து இல்லாத இடங்களைப் பார்க்கும். பந்து இல்லாத இடத்தில்தான் களைத்தவள் குனிந்து முழங்காலைப் பிடிப்பாள்.

களத்திற்கு வெளியே வேறு வேலைகள் காத்திருக்கும். தகுதிச் சான்றிதழ்களில் கையொப்பம் பெறுவது, பயணச்சீட்டு எடுப்பது, தங்குமிடத்தில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, காலையில் உண்ணாமல் வந்தவளைக் கண்டுபிடித்து இரண்டு இட்டிலியாவது உண்ணச் செய்வது, மாதவிடாய் நாளில் ஆடத் தயங்குபவளிடம் தனியே பேசுவது என அவை நீளும். “எங்க வீட்டுல இனிமே அனுப்பமாட்டாங்க அக்கா” என்று அழும் மாணவியின் வீட்டுத் திண்ணையில் போய் அமர்வதும் அவ்வேலைகளுள் ஒன்று. இவற்றுள் எதுவும் ‘ஸ்கோர் ஷீட்’டில் ஏறாது.

நான் மறைத்த செய்தி

2011ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்திற்கு உட்பட்ட கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் எங்கள் அணி இறுதியாட்டத்தை அடைந்திருந்தது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேர்வு செய்வோரும் அன்று வந்திருந்தனர். அந்த அணியில் இடம் பெற்றால், பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெறும் வழி திறக்கக்கூடும். எங்கள் அணியின் பந்து நடத்துநராக விளங்கிய மாணவி அந்த ஒரு நாளுக்காகவே மூன்றாண்டுகள் உழைத்தவள். அவள் தந்தை நெசவுத் தொழிலாளி. அவளுக்குப் பின் இரண்டு தங்கையர்.

முந்தைய நாள் இரவு என் அறைக்கு வந்தாள். “அக்கா, அரையிறுதியில குதிச்சு இறங்கும்போது முட்டி ஒரு மாதிரி விலகி வந்துச்சு. இப்ப வீக்கமா இருக்கு” என்றாள். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. “மேடத்துக்கிட்டச் சொல்லாதீங்க அக்கா. சொன்னா உட்கார வெச்சிடுவாங்க. நாளைக்கு ஒரு நாள்தானே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சொல்லவில்லை.

பனிக்கட்டி வைத்தேன். காலையில் இறுக்கமாகக் கட்டுப் போட்டேன். “லேசான பிடிப்பு” என்று மேடம் கேட்பதற்கு முன்பே ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவரும் அப்படியே கேட்டார். நானும் அப்படியே சொன்னேன்.

மூன்றாம் கால்பகுதியில் எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு தனியே ஓடினாள். கூடைக்கருகே குதித்து எறிந்து ஒற்றைக்காலில் இறங்கினாள். பந்து கூடைக்குள் விழுந்தது. அவளைத் தள்ளியவர் எவருமில்லை; அவள் தானாகவே சரிந்தாள். பார்வையாளர்கள் கைதட்டிக்கொண்டிருந்தமையால் அவளுடைய அலறல் பலருக்குக் கேட்கவில்லை. பந்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ‘ஏ.சி.எல்.’ என்னும் மூட்டு நார் அறுந்துவிட்டது என்றார் மருத்துவர். குதித்து இறங்கித் திடீரெனத் திரும்பும் ஆட்டங்களில், ஆடவரைவிடப் பெண்களுக்கு இக்காயம் பல மடங்கு மிகுதியாக நேர்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். முந்தைய நாளே அந்நார் ஓரளவு கிழிந்திருக்கக்கூடும் என்றும் அவர் சொன்னார்.

மருத்துவமனை நடைபாதையில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்வார் என எதிர்பார்த்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவளை ஆடவிடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருந்தது. எனக்குத் தெரியாததைச் சொல்றதுக்குத்தானே உன்னைப் பக்கத்துல உட்கார வெச்சிருக்கேன்?” என்றார். அதன்பின் அவர் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. நான் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார், விடை சொல்லவில்லை.

டென்னசியிலிருந்து ஒரு செய்தி

அந்தக் கடிதத்திற்கு விடை கிடைக்காமலே 2012ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டின் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தியைப் படித்தேன். டென்னசிப் பல்கலைக்கழக மகளிர் அணியின் பயிற்றுநர் பேட் சம்மிட் பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய துணைப் பயிற்றுநர் ஹாலி வார்லிக் அப்பொறுப்பை ஏற்றார்.

சம்மிட்டின் பெயரை அறியாத கூடைப்பந்துப் பயிற்றுநர் குறைவு. 1974இல், தம் இருபத்திரண்டாம் வயதில், மாதம் 250 டாலர் ஊதியத்தில் அவர் பொறுப்பேற்றார். அணியினரின் சீருடைகளைத் தாமே துவைத்தார். அவர்கள் செல்லும் வண்டியைத் தாமே ஓட்டினார். முப்பத்தெட்டுப் பருவங்களில் 1098 வெற்றிகளையும் எட்டுத் தேசிய வாகைகளையும் பெற்றார். கல்லூரிகளில் பெண்களுக்குச் சமவாய்ப்பு அளிக்கக் கோரும் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது 1972இல்தான். அச்சட்டம் தாளில் இருந்த காலத்தில் அதனைக் களத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் அவர் ஒருவர்.

ஆனால், என் கண் அவருக்கு அடுத்த இருக்கையிலேயே நின்றது. அதே அணியில் சம்மிட்டின் மாணவியாக ஆடியவர் வார்லிக். வேறு இரு பல்கலைக்கழகங்களில் துணைப் பயிற்றுநராக இருந்துவிட்டு, 1985இல் தம் ஆசிரியையிடம் திரும்பி வந்தார். இருபத்தேழு ஆண்டுகள் அதே இரண்டாம் இருக்கையில் அமர்ந்திருந்தார். எட்டு வாகைகளும் அந்த ஆண்டுகளில் வந்தவையே.

2011 ஆகஸ்டில், தமக்கு நினைவை அழிக்கும் நோய் தொடங்கியிருப்பதைச் சம்மிட் உலகிற்கு வெளிப்படையாக அறிவித்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அடுத்த பருவம் முழுவதும் முதலிடத்தில் அவர் அமர்ந்திருக்க, பயிற்றுநர் பொறுப்புகளுள் பெரும்பகுதியை வார்லிக் தாங்கினார். தலைவியின் நினைவு தளர்ந்தபோது, அணியின் நினைவாகப் பக்கத்து இருக்கை விளங்கியது.

அச்செய்தியைப் படித்த அன்று எனக்கு ஓர் உண்மை தெளிந்தது. தலைமைக்குத் தெரியாததைத் தெரிந்துவைத்திருப்பதும், அதை உரிய நேரத்தில் சொல்வதுமே இரண்டாம் இருக்கையின் வேலை. சொல்லாமல் வைத்திருக்கும் செய்தி அன்பினால் மறைக்கப்பட்டதாயினும் பயனற்றது. சில வேளைகளில் கொடியது. தம் நோயையே மறைக்காத ஒரு தலைவியையும், மாணவியின் வலியை மறைத்த என்னையும் ஒப்பிட்டுப் பார்த்து நாணினேன். மறுநாள் மேடத்திடம் சென்று என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு நாளும் அங்கேயே இருந்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

கூடைப்பந்து ஆட்டத்தை 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கினார். அடுத்த ஆண்டிலேயே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் அதனை மாணவியர்க்கு அறிமுகப்படுத்தினார். பெண்கள் களைத்துவிடக் கூடாது என்று களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டாமல் ஆடுமாறு அவர் விதி வகுத்தார். சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இந்தியாவில் உடற்கல்வி வளர வழிவகுத்தது. இந்திய மகளிர் அணியின் தலைவராக விளங்கிய சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இன்றைய வழக்கம்

மேடம் ஓய்வு பெற்றபோது முதலிடத்திற்கு வருமாறு என்னைக் கேட்டார்கள். ஒரு பருவம் அங்கே அமர்ந்து பார்த்தேன். பந்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. குனிந்து முழங்காலைப் பிடிப்பவளைப் பார்க்க முடியவில்லை. என்னைவிட இளையவரும் ஆட்டநுட்பத்தில் வல்லவருமான ஒருவர் வந்ததும் என் பழைய இடத்திற்குத் திரும்பினேன். அதைத் தாழ்வு என்று சிலர் கருதினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவியர் சேரும் முதல் நாளில் அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: “வீட்டுக் கவலையைச் சொல்லுங்க, யாருக்கும் சொல்லமாட்டேன். உடம்பு வலியைச் சொன்னா, உடனே மேடத்துக்கிட்டச் சொல்லிடுவேன். தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க.” இதனால் என்னிடம் சொல்வோர் குறைவார்கள் என்று அஞ்சினேன். குறையவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதும் ஒருவகை நம்பிக்கைதான் போலும். பயிற்சிக்கு முன் ஒவ்வொருத்தியும் இறங்கும் விதத்தைப் பார்க்கிறோம். முழங்கால் உள்நோக்கி மடிந்தால் பந்தைக் கொடுப்பதில்லை. முதலில் இறங்கக் கற்க வேண்டும், பிறகுதான் குதிக்கலாம்.

அந்த மாணவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. நன்றாக நடக்கிறாள். போட்டிகளில் அவளால் மீண்டும் ஆட முடியவில்லை. அவள் எண்ணிய வேலையும் கிடைக்கவில்லை. பட்டம் முடித்து, கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, தங்கையர் இருவரையும் படிக்கவைத்தாள். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்கும் துணிவு எனக்கு இதுவரை வந்ததில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் இறுதியாட்டத்திற்கு முந்தைய இரவில் தொலைபேசியில் அழைப்பாள். அணி வெல்லுமா என்று கேட்பதில்லை.

“யாருக்காச்சும் கால் வலிக்குதான்னு கேட்டீங்களா அக்கா?” என்பாள்.

“கேட்டுட்டேன்மா” என்பேன். தொலைபேசியை வைத்தபின், எழுந்து சென்று, ஒவ்வோர் அறைக் கதவாகத் தட்டி மீண்டும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் உறங்குவேன்.