கான் வெட்டிய கைகள்

தேயிலை மலைகளில் 'கான் வெட்டு' என்பது ஒரு தனி வேலை. சரிவின் குறுக்கே சற்றே சாய்வாகக் கானை வெட்டி, மழைநீரை வேகமெடுக்க விடாமல் ஓடைக்குக் கொண்டு சேர்ப்பார்கள். இடையிடையே உள்ள குழிகளில் மண் தங்கிவிடும்; நீர் மட்டும் நகரும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலையின் வேரடியில் இன்னமும் மண் மிஞ்சியிருப்பதற்கு இந்தக் கான்களும் ஒரு காரணம்.

தேயிலைக்குக் கிடைத்த இந்தக் கவனம் லயன்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லீட்டர் நீர். 250 சதுர மீட்டர் தகரக் கூரையின் மீது 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 25,000 லீட்டர். பீலி இல்லாத கூரையிலிருந்து அத்தனையும் சுவரடியில் விழுகிறது. அடைபட்ட கானில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. நீரேறிய மண்ணின் பிடி தளர்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அங்குள்ள அபாயம் குறித்து 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் வந்தபோதும் மலையகத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின.

பெருஞ்சரிவைக் கான் மட்டும் தடுத்துவிடாது. அபாய மலையிலிருந்து மக்களைப் பாதுகாப்பான காணிக்கு மாற்றுவதே அதற்கு வழி. ஆனால் லயனுக்குப் பின்னாலுள்ள மண்மேடு இடியும் ஆபத்தைப் பீலியும் சீரான கானும் குறைக்கும். குடியிருக்கும் நிலம் தனதில்லாதவர் எவர் அனுமதியுடன் அங்கே கான் வெட்டுவார்? தேயிலைக்கு வடிகால் அமைத்த கைகளுக்குச் சொந்தக் காணி கிடைக்கட்டும். வீட்டைச் சுற்றிக் கான் வெட்டுவது எப்படியென்று எவரும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.