சாவி யார் கையில்?

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போயிருந்தோம். தாத்தா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை உச்சி தீபம் நேராகத் தெரியும். ஆனால் இந்த வருஷம் வீடு பூட்டிக் கிடந்தது. சொந்த ஊரில் அம்மாவும் நானும் லாட்ஜில் தங்கினோம்.

தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் போய்விட்டார். கிரிவலப் பாதைப் பக்கம் மனை விலை ஏற ஏற, இரண்டு மாமாக்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இருவரும் ஒத்துப்போவது ஒரே விஷயத்தில்தான்: அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

அன்றிரவு, ஒரு கட்டுரைக்காக ‘மார்த்தாண்ட வர்மா’ பார்த்தேன். 1933-ல் வந்த மௌனப் படம். தயாரிப்பு ஆர்.சுந்தர்ராஜ், இயக்கம் பி.வி.ராவ். கதை சி.வி.ராமன் பிள்ளையின் மலையாள நாவல். திருவிதாங்கூரில் மருமக்கள் வழி வழக்கம். மன்னருக்குப் பிறகு பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. அதைப் பொறுக்காத மன்னரின் மகன்கள், எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு சேர்ந்து மருமகனைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். நிஜ வரலாற்றில் 1729-ல் பட்டமேறியது அந்த மருமகன்தான்.

படம் வெளியானதும் இன்னொரு பங்குச் சண்டை. நாவலின் உரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. அனுமதி வாங்காமல் படமாக்கியதால் வழக்கு, திரையிடல் நிறுத்தம். 1974-ல் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்கும்வரை பிரதி அந்தப் பதிப்பகத்திலேயே முடங்கிக் கிடந்தது. சுமார் 40 வருஷம், யாரும் பார்க்காமல்!

அம்மாவுக்குக் கதை சொன்னேன். “பரவாயில்லையே, அக்கா தங்கச்சிக்கு அங்கே மதிப்பு இருந்திருக்கே” என்றார். இல்லைம்மா. உரிமை அவள் வழியாக வந்தது. அவளிடம் தங்கவில்லை, மகனுக்குப் போய்விட்டது. உனக்கு அப்படி இல்லை. 1956 சட்டப்படியே அந்த வீட்டில் உனக்கும் சம பங்கு உண்டு.

“சட்டம் இருக்குடி. நாளைக்கு உன் தங்கச்சி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோட யார் வந்து நிப்பாங்க?”

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே பேசினார்.

“காசு பணமெல்லாம் வேணாம்டி. வருஷத்துக்கு ஒரு நாள் அந்த மாடியில நின்னு தீபம் பார்க்கணும். அதுக்கு யார்கிட்டயும் போய் சாவி கேட்டு நிக்கக் கூடாது.”

பத்திரத்தில் அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.