கேளாமல் போகும் வழி

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பது நம்மூர்ப் பழமொழி. வழி தெரியாதவனுக்கு இங்கே ஊரே வழிகாட்டி. தேநீர்க்கடை வாசலில் நிற்பவர், பூ விற்கும் அம்மாள், பேருந்துக்குக் காத்திருப்பவர் என்று எல்லோரும் அவனுக்குத் திசை சொல்லக் கடமைப்பட்டவர்கள். தமக்கே தெரியாத இடத்துக்கும் வழி சொல்லி அனுப்புகிற தயாளர்களும் உண்டு. இந்தப் பழமொழியை நம்பி வளர்ந்த நாங்கள் மூவர், ஜப்பானிய மொழியில் நன்றி என்கிற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு, ஒரு வார காலம் டோக்கியோ நகரை ரயிலிலேயே சுற்றினோம். ஊர் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஏழு நாள்களில் ரயில் நிலையங்களில் நாங்கள் வாய் திறந்து விசாரித்தது இரண்டே தடவை என்று.

டோக்கியோவின் ரயில் வரைபடத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்குச் சிக்குக் கோலம் நினைவுக்கு வரும். சுரங்கத் தடங்கள் மட்டுமே 13. அவற்றில் 9 ஒரு நிறுவனத்துடையவை, 4 நகர நிர்வாகத்துடையவை. அவற்றுக்கு மேலே ஜே.ஆர். தடங்கள், பிறகு தனியார் தடங்கள். ஆனால் கோலத்தைப் போலவே இதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 2004 முதல் ஒவ்வொரு சுரங்க நிலையத்துக்கும் தடத்தின் எழுத்தும் ஓர் எண்ணும் தரப்பட்டுள்ளன. கின்சா தடம் ஆரஞ்சு நிறம், அதன் எழுத்து 'ஜி'. உவேனோ ஜி 16, அசாகுசா ஜி 19. இடையே எத்தனை நிலையங்கள், ரயில் சரியான திசையில்தான் போகிறதா என்பதையெல்லாம் விரல் விட்டு எண்ணித் தெரிந்துகொள்ளலாம். ஊரின் பெயரை வாசிக்கத் தெரியாதவனும் எண்ணைப் பிடித்துக்கொண்டு கரை சேரலாம்.

பயணச்சீட்டு வாங்கும் கவலையும் இல்லை. 2001இல் அறிமுகமான 'சுய்க்கா' அட்டையில் பணத்தை ஏற்றிக்கொண்டு வாயிலில் ஒரு தொடு தொட்டால் போதும் (ஜப்பானிய மொழியில் சுய்க்கா என்றால் தர்ப்பூசணி). ஒரு நிறுவனத்தின் தடத்திலிருந்து இன்னொன்றின் தடத்துக்கு மாறும்போது கட்டணம் தனித்தனிதான், ஆனால் அந்தக் கணக்கையெல்லாம் அட்டையே பார்த்துக்கொள்கிறது. புதிதாகப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான். யாமனோத்தே என்னும் வட்டத் தடத்தை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், சுற்றிவர ஏறத்தாழ ஒரு மணி நேரம். நகரின் பெரும் மையங்கள் பலவும் அதன்மேல் மணிகளாகக் கோத்திருக்கின்றன. ஷிஞ்சுகு போன்ற நிலையத்தில் 200க்கும் மேற்பட்ட வாயில்கள் உண்டு. ஆகவே எந்த வாயில் என்பதை நடைமேடையிலேயே பலகை பார்த்து முடிவுசெய்துவிட்டு நடப்பது நல்லது.

பேச்சில்லாத இந்தப் பயணத்துக்கு வயது அதிகம். ஹயகாவா நோரிட்சுகு என்பவர் 1914இல் லண்டனுக்குப் போய், அங்கே பூமிக்கு அடியில் ஓடும் ரயிலைக் கண்டு வியந்து திரும்பினார். டோக்கியோவின் மண் இளகியது, சுரங்கம் நிற்காது என்று நிபுணர்கள் சொன்னார்கள். அவரோ தெருமுனையில் நின்று, சட்டைப்பையில் விதைகளைப் போட்டு எண்ணி, எவ்வளவு பேர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கணக்கெடுத்தார் என்பார்கள். 1927 டிசம்பர் 30 அன்று உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே 2.2 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. சில நிமிடப் பயணத்துக்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அன்றே அங்கே சீட்டுக் கொடுப்பவர் இல்லை. பத்து சென் நாணயத்தைப் போட்டால் சுழன்று வழிவிடும் வாயில்தான் இருந்தது.

இரண்டு நாள் இதையெல்லாம் வியந்தோம். மூன்றாம் நாள் ஏதோ ஒன்று உறுத்தத் தொடங்கியது. பெட்டிக்குள் தோளோடு தோள் உரசி நூறு பேர் நிற்கிறார்கள், ஓசையே இல்லை. கைப்பேசியில் பேசுவது அநாகரிகம். சிலர் வாசிக்கிறார்கள், பலர் உறங்குகிறார்கள், தம் நிலையம் வந்ததும் எப்படியோ விழித்து இறங்கிப் போகிறார்கள். நாங்கள் எங்களுக்குள் பேசிய தமிழே எங்கள் காதுக்கு இரைச்சலாகக் கேட்டது. யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய வசதி! ஆனால் நாம் யாருக்கும் தேவையில்லை, நமக்கும் யாரும் தேவையில்லை என்பதும் அதே வசதியின் மறுபக்கம்தானே என்று எங்களுக்குள் ஒருவர் முணுமுணுத்தார்.

நான்காம் நாள் மாலை நாங்கள் ஏறியிருந்த ரயில் நடுவழி நிலையமொன்றில் நின்றுபோனது. திரையில் ஏதோ எழுத்துகள் ஓடின. பக்கத்தில் நின்ற இளைஞரிடம் சைகையால் கேட்டோம். அதுதான் முதல் தடவை. அவர் தம் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். 'ஜின்ஷின் ஜிகோ', மனித உடலுக்கு நேர்ந்த விபத்து. மேடையிலிருந்து தவறி விழுவதும், தாமே பாய்வதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். பெட்டியில் ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை. இறங்கும்போது நிலையப் பணியாளர் ஒருவர் தாமதச் சான்றுச் சீட்டுகளைத் தலை குனிந்து வழங்கிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் காட்டுவதற்காம். எத்தனை நிமிடம் என்று மட்டும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மனிதர்களைக் கவனிக்கத் தொடங்கினோம் என்று சொல்ல வேண்டும். ஓட்டுநரின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றோம். அவர் ஒவ்வொரு சைகை விளக்கையும் வெள்ளைக் கையுறை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்கிறார். கேட்க ஆளில்லாத அறையில் ஒருவர் நாள் முழுதும் பேசிக்கொண்டிருக்கிறார். வேடிக்கைபோலத் தோன்றும் இந்தப் பழக்கம் பிழைகளைப் பெருமளவு குறைக்கிறது என்று ஜப்பானிய ரயில்வே ஆய்வகம் 1994இல் சோதித்துக் கண்டிருக்கிறது. பெட்டிக்குள் எங்களால் உறங்க முடிந்தது அந்தப் பேச்சினால்தான்.

ஹருகி முரகாமியின் 'அண்டர்கிரவுண்ட்' நூலை வாசித்தவர்களுக்குக் கசுமிகசெகி என்கிற பெயர் நினைவிருக்கும். 1995 மார்ச் 20 காலை, அரசு அலுவலகங்கள் சூழ்ந்த அந்த நிலையத்தை நோக்கி ஓடிய ரயில்களில் நச்சுவாயு பரப்பப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களைத் தேடித்தேடிச் சந்தித்து முரகாமி அந்நூலை எழுதினார். கசிந்த பொதிகளைப் பெட்டியிலிருந்து அகற்றிய நிலையப் பணியாளர்கள் இருவர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. தரை ஈரமாக இருந்தது, பயணிகள் வழுக்கி விழக்கூடாது, அவ்வளவுதான்.

கடைசி நாள் ஷிஞ்சுகுவுக்கு அடுத்த நிலையமான ஷின்-ஓகுபோவில் இறங்கினோம். கொரிய உணவகங்களும், நம்மூர்ப் பருப்பும் மசாலாவும் கிடைக்கும் கடைகளும் அங்கே உண்டு. ஆனால் நாங்கள் தேடிப் போனது நிலையத்துக்குள்ளேயே இருந்தது. 2001 ஜனவரி 26 மாலை, குடிபோதையில் இருந்த ஒருவர் அந்த மேடையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்தார். அவரைத் தூக்கிவிட இருவர் குதித்தார்கள். ஒருவர் செகினே ஷிரோ என்னும் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர். மற்றவர் லீ சூ-ஹ்யோன், ஜப்பானிய மொழி கற்க வந்த 26 வயதுக் கொரிய மாணவர். ரயில் வந்துவிட்டது. மூவருமே இறந்தார்கள். 35 ஆண்டுகள் தன் நாட்டை ஆண்டு வதைத்த ஒரு தேசத்தின் தலைநகரில், பெயர் தெரியாத ஒருவருக்காக அந்த மாணவர் இறங்கினார். விழுந்தவர் வழி கேட்கவில்லை, உதவியும் கேட்கவில்லை.

நினைவுப் பலகை எங்கே என்று ஒரு பணியாளரிடம் விசாரித்தோம். அது இரண்டாம் தடவை. அவர் சன்னலை விட்டு வெளியே வந்து, மாடிப்படி வரை எங்களோடு நடந்து, சுவரைக் காட்டிவிட்டுத் திரும்பினார். ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் எழுதியிருந்தது. எங்களுக்கு இரண்டும் தெரியா. மேலே மேடையில் இப்போது தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. யாமனோத்தே தடத்தில் 2010இல் தொடங்கி அவற்றைப் பொருத்தி வந்திருக்கிறார்கள். இனி அங்கே ஒருவர் எளிதில் விழ முடியாது, இன்னொருவர் குதிக்கவும் தேவையிராது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதவு திறந்து மூடும் மெல்லிய ஓசையைக் கேட்கும்போது, நாங்கள் கேளாமலே சென்ற வழிகள் அனைத்தும் யாரோ சிலர் கேளாமலே கொடுத்தவை என்று தோன்றியது.