தொட்டால் போதும்

ரக்பியைப் பற்றி நான் எழுதப் புகுந்ததைக் கண்டு என்னை அறிந்தவர்கள் நகைக்கக்கூடும். கல்லூரி நாட்களில் சடுகுடு ஆடியதில்லை; கிரிக்கெட் மட்டையைப் பிடித்ததில்லை. விளையாட்டு விழாக்களில் தமிழாசிரியருக்கென்று ஒதுக்கப்படும் வேலை வர்ணனை செய்வதும் வரவேற்புரை வழங்குவதுமே. அப்படிப்பட்ட நான் 2018 ஆகஸ்டில், கழுத்தில் 'அணி மேலாளர்' என்ற அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பன்னிரண்டு இளைஞர்களுடன் கொழும்புக்குச் சென்று வந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத நெடுநாளாக எண்ணியிருந்தும், எழுதவொட்டாமல் ஒன்று தடுத்துக்கொண்டே இருந்தது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஓசூரில் ரக்பியா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்டும் ஓடும் ஆலைகள். அவற்றை நம்பி வந்து சேர்ந்த பல மாவட்டத்து இளைஞர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், சந்தையில் உருது என்று நான்கு மொழிகளோடு வளரும் உள்ளூர்ப் பிள்ளைகள். பெங்களூரில் வேலை பார்த்த ஒருவர் அங்கே கற்றுவந்த டச் ரக்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காலி மைதானத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். முதலில் ஆறு பேர். பிறகு இருபது பேர். அவர்களில் மூவர் என்னிடம் படித்தவர்கள்.

விளையாட்டு எளியது. ரக்பியில் பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவார்கள். இதில் வீழ்த்துவது இல்லை, தொட்டால் போதும். தொடப்பட்டவன் அவ்விடத்திலேயே பந்தைத் தரையில் வைத்துத் தாண்ட வேண்டும். பின்னால் நிற்கும் தோழன் அதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வான். ஆறு முறை தொடப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அணிக்கு ஆறு பேர் களத்தில் நிற்பார்கள். பந்தை முன்னோக்கி எறியக்கூடாது. பின்னோக்கியோ பக்கவாட்டிலோதான் கொடுக்கலாம். 1960களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், ரக்பி வீரர்கள் காயப்படாமல் பயிற்சி செய்வதற்காக ஆடியது இது. 1968-ல் முறையான ஆட்டமாயிற்று. 1988-ல் இதற்கு உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. எங்கள் பயிற்சியாளர் எனக்கு விளக்கியது இன்னும் சுருக்கமானது: "சடுகுடுல பாடிப்போறவன் தொடுவான் சார். இதுல ஓடுறவனைத் தொடுவாங்க. அவ்வளவுதான்."

தமிழில் தொடுவுணர்வுக்கு 'ஊறு' என்றொரு பழஞ்சொல் உண்டு. அதே சொல்லுக்குத் தீங்கு என்றும் பொருள். ஊறு விளைவிக்காத ஊறு என்று இந்த ஆட்டத்துக்குப் பெயர் வைக்கலாம் என நான் சொன்னபோது பையன்கள் மரியாதைக்காகச் சிரித்தார்கள்.

இந்தியாவுக்கும் ரக்பிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் போட்டியில் வென்றவருக்கு அளிக்கப்படுவதற்குக் கல்கத்தாக் கோப்பை என்று பெயர். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர் சங்கம் கலைக்கப்பட்டபோது, வங்கியில் கிடந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி 1878-ல் செய்த கோப்பை அது. நம்மூர்த் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்ததும் அதே 1878-ல்தான். பின்னாளில் அவர் மேற்கு வங்க ஆளுநராகக் கல்கத்தாவில் அமர்ந்தார். இதில் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஓசூர்க்காரனுக்கு இப்படியொரு முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆசை இருக்காதா? நம் காலத்துக் கதையும் ஒன்று உண்டு. 2007-ல் ஒடிசாவின் புவனேஸ்வரில், கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்த பழங்குடிச் சிறுவர்கள் லண்டனுக்குப் போய், பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பள்ளி ரக்பிப் போட்டியில் கோப்பையை வென்று வந்தார்கள். அந்தக் கதையைப் பயிற்சியாளர் வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். கொழும்பில் ஒரு சிறிய போட்டிக்கு அழைப்பு வந்ததும் அணி துள்ளியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் திரட்டிய கதையை விரிக்கவில்லை. ஆளுக்கு முப்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. பாதியை அவர்கள் போட்டார்கள். மீதி ரோஜாத் தோட்டக்காரர் ஒருவர், இரண்டு ஓட்டல்காரர்கள், என் பழைய மாணவர்கள் ஆகியோர் தந்தது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒருவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று வந்தான்; திரும்பியதும் போயிற்று. பெற்றோர்கள் 'வாத்தியார் கூட வந்தால் அனுப்புகிறோம்' என்றார்கள். அப்படித்தான் நான் மேலாளர் ஆனேன்.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் இளங்கலை படித்தவன். அப்போது இருபத்து மூன்று வயது. ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. அணியில் அவன் கால்களுக்கு ஈடில்லை. சூளகிரிப் பக்கத்துச் சிற்றூரில் அப்பாயியோடும் பெற்றோரோடும் இருந்தான். கையெழுத்து வாங்குவதற்காக நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, கொழும்பு என்ற சொல்லைக் கேட்டதும் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பாயி எழுந்து உட்கார்ந்தார்.

"அட்டன் போவீங்களா?" என்றார்.

அவர் பிறந்தது அட்டனுக்கு அருகே டிக்கோயாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில். பாட்டனார் காலத்தில் சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணியோடு போன குடும்பம். 1948-ல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாக, 1973-ல், கைக்குழந்தையோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார் அப்பாயி. மண்டபம் முகாமில் சில வாரங்கள். பிறகு மூதாதையர் ஊர். அங்கே இவர்களை யாருக்கும் நினைவில்லை. 'சிலோன்காரங்க' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அங்கே இந்தியத் தமிழர், இங்கே சிலோன்காரர்.

நான் வியந்தது வேறொன்றுக்காக. பேரன் நீள்வட்டப் பந்தை எடுத்துக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். "இது துரைமார் பந்துல்ல!" என்றார். தோட்டத் துரைமார் ஒன்றுகூடும் தரவளை மைதானத்தில், மழைச் சேற்றில் வெள்ளைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதைச் சிறுமியாக வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். இலங்கையில் 1879 முதலே ரக்பி உண்டு; மலையகத்தில் அதை வளர்த்தவர்கள் தேயிலைத் துரைமார். "எங்க அப்பா அந்தப் புல்லை வெட்டுவாரு. நாங்க உள்ள போகக்கூடாது" என்றார். பிறகு பேரனிடம் சொன்னார்: "ஒண்ணும் வாங்கியாராத. நம்ம லயத்தை மட்டும் ஒருக்காப் பாத்துட்டு வா."

பெங்களூரிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரப் பறத்தல்தான். ஓசூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்தை அடைய எங்களுக்கு அதைவிட இரு மடங்கு நேரமாயிற்று. கட்டுநாயக்காவில் இறங்கியதும் பெயர்ப்பலகைகளில் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே தமிழைக் கண்டு பையன்கள் படமெடுத்துக்கொண்டார்கள். பன்மொழிப் பலகை அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் கடல் தாண்டியும் தம் எழுத்து இருந்தது புதிது.

முதல் நாள் மூன்று ஆட்டங்கள். இரண்டில் தோற்றோம், ஒன்று சமன். தோல்விக்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. எங்கள் அணி களத்தில் தமிழில்தான் கூவிக்கொள்ளும். 'இடது, உள்ளே வா, பின்னாடி' என்று. பெங்களூர் அணிகளிடம் அது ஓரளவு செல்லுபடியாயிற்று. கொழும்பில் முதல் எதிரணியிலேயே நான்கு தமிழ்ப் பையன்கள்! நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டு, நாங்கள் போகும் இடத்தில் முன்கூட்டியே நின்றார்கள். இடைவேளையில் தலைவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே தெலுங்கு. திரும்பும்போது கன்னடம்" என்றான். இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. எல்லை ஊரில் பிறந்ததன் பயனை நான் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

அன்றிரவு விடுதி வராந்தாவில் அவன் என்னிடம் வந்தான்.

"ஐயா, விடியக்காலை அட்டன் வழியா ரயில் இருக்குது. அஞ்சு மணி நேரந்தான். ராத்திரி பஸ்ல திரும்பிடுவேன். மறுநாள்தானே நம்ம விமானம்?"

இருவர் காயம்பட்டிருந்தார்கள். மறுநாள் இரண்டு ஆட்டங்கள். வேகமாக ஓடுபவன் இவன் ஒருவன். ஆட்டம் மட்டுமல்ல, முன்பின் தெரியாத நாட்டில் மலைப்பாதையில் பேருந்து நின்றுவிட்டால், கடவுச்சீட்டு தொலைந்தால், அவன் தந்தைக்கு நான் என்ன சொல்வேன்? ஊரார் கொடுத்த பணத்தில் வந்திருக்கிறோம், ஒருவனுடைய சொந்தக் காரியத்துக்காக அல்ல என்றும் எனக்குள் ஒரு குரல் சொன்னது. இவற்றையெல்லாம் அவனிடம் வரிசையாகச் சொன்னேன். வகுப்பில் பேசிப் பழகியவனுக்குக் காரணங்களை அடுக்குவது சிரமமா என்ன?

"சரிங்க ஐயா" என்றான். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் வாதாடியிருந்தால் நான் இணங்கியிருப்பேன் என்று பின்னாளில் பலமுறை என்னையே தேற்றிக்கொண்டிருக்கிறேன். மாணவர்கள் நம்மிடம் வாதாடுவதில்லை என்பதை அறிந்துதானே நாம் பேசுகிறோம்!

மறுநாள் மழைத்தூறலில் நான்கு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தான். ஓர் ஆட்டத்தில் வென்றோம், ஒன்றில் தோற்றோம். எட்டு அணிகளில் ஆறாம் இடம். அத்தனை பேரும் அவனைத் தூக்கிச் சுமந்தபோது நானும் கைதட்டினேன். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஊர் திரும்பிய வாரத்தில் அப்பாயி என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். போனேன். வாசலிலேயே அவன் என்னை நிறுத்தித் தாழ்ந்த குரலில், "பாத்துட்டு வந்தேன்னு சொல்லிட்டேன் ஐயா" என்றான்.

உள்ளே கேள்விகள் ஏற்கெனவே தொடங்கியிருந்தன போலும். லயம் அப்படியேதான் இருக்கிறதா? கொஞ்சம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், அப்பாயி. மாரியம்மன் கோயில்? இருக்கிறது. பெரட்டுக்களம்? இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடம்? அதுவும் இருக்கிறது. அவர் வாய் மூடும் முன்னே அவன் விடை சொல்லிக்கொண்டிருந்தான். களத்தில் பந்து கொடுக்கும் அதே வேகம். பிறகு அப்பாயி என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் போனீங்களா வாத்தியாரய்யா?"

பாலைத்திணையை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். பிரிந்தவர், பிரிந்த நிலம், திரும்ப முடியாத வழி என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் எனக்கு எதுவும் உதவவில்லை.

"போனேன்மா. மழை பெஞ்சுக்கிட்டிருந்தது" என்றேன். மழை பெய்தது மெய், கொழும்பில்.

"ஆகஸ்டுல அங்க மழைதான்" என்றவர், என் வலக்கையைப் பிடித்து இழுத்துத் தம் இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். அந்த மண்ணைத் தொட்டு வந்த கை என்று எண்ணியிருப்பார். கொழுந்து பறித்துக் காய்த்த விரல்கள்; நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்தக் காய்ப்பு மறையவில்லை. பேரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் செய்தது சரியா தவறா என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். அணியைப் பொறுத்தவரை சரி என்கிறார்கள். கிழவியிடம் சொன்ன பொய்யும் நன்மை தந்த பொய்தான் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யைத் தேவையாக்கியவன் நான் என்பதை யாரும் சொல்வதில்லை. ஐந்து மணி நேர ரயில் தொலைவில் இருந்த ஒன்றை, எட்டில் ஆறாம் இடத்துக்காக நான் மறித்தேன்.

2021-ல் அப்பாயி காலமானார். அவனுக்கு மணமாகிவிட்டது, ஆட்டத்தை விட்டுவிட்டான். சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒருக்கா அட்டன் போயிட்டு வரலாமா ஐயா? நீங்களும் வாங்க. நாம ஏற்கெனவே போன ஊருதானே" என்றான். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டான்.

என் கடவுச்சீட்டு 2028 வரை செல்லும். அதில் இன்றுவரை ஒரே ஒரு பயணத்தின் முத்திரைகள்தான் இருக்கின்றன. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.